மெத்தை போட இடமிருந்தால் போதும்

அன்பான நேயர்களே, வணக்கம். பேச அழைத்த தமிழ் வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி.

நான் காரைக்காலில் பிறந்தவள். பாரிஸின் வடக்குப் புறநகரில் ஒரு கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், வரலாறும் புவியியலும் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளியில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு வாரம் ஜெர்மனிக்குப் போகிறார்கள். அவர்களோடு துணைக்குப் போகும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இன்று உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பள்ளியிலிருந்து பரிமாற்றப் பயணத்துக்கான தாள் வீட்டுக்கு வந்தால், படித்துப் பார்க்கும் முன்பே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள்.

இது சுற்றுலா அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு ஜோடி உண்டு. பிள்ளைகள் அதைக் 'கொரெஸ்' என்பார்கள். மார்ச் மாதம் அந்த ஊர்ப் பிள்ளை இங்கே வந்து நம் வீட்டில் ஒரு வாரம் தங்கும். மே மாதம் நம் பிள்ளை அங்கே போய் அந்த வீட்டில் தங்கும். பகலில் பள்ளி, அருங்காட்சியகம் என்று எல்லாரும் சேர்ந்தே இருப்பார்கள். மாலை ஆனதும் பிரிந்து, அவரவர் ஜோடியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கற்றுக்கொள்வதெல்லாம் அந்த மாலை நேரத்தில்தான் என்பது நான் பல ஆண்டுகளாகக் கண்டது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டன. 1869இல் எல்லையோர நகரமான ஸ்ட்ராஸ்பூரில் பிறந்த ஒரு பெண், ஊரைவிட்டு நகராமலே எழுபத்தைந்து வயது வரை இருந்திருந்தால், அவள் நாடு நான்கு முறை மாறியிருக்கும். போர் முடிந்து ஐந்தே ஆண்டில், 1950இல், பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பூர்க் நகரமும் தோழமை நகரங்களாகக் கைகோத்தன. அதே லுட்விக்ஸ்பூர்கில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரான்சின் அதிபர் ஜெனரல் து கோல் ஜெர்மன் இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அவர் 1916இல் வெர்தன் போர்முனையில் பிடிபட்டு, போர் முடியும்வரை ஜெர்மனியில் கைதியாக இருந்தவர். 1963 ஜனவரி 22 அன்று அவரும் ஜெர்மன் பிரதமர் அடெனாவரும் எலிசே ஒப்பந்தம் என்ற நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே இரு நாட்டுக்கும் பொதுவாக ஓர் இளைஞர் அலுவலகம் பிறந்தது. அன்றிலிருந்து 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் உதவியோடு எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள்.

போர் என்றால் என்னவென்று இந்த வானொலியைக் கேட்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் தங்கள் பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு மற்றவர் தூங்க அனுப்பினார்கள் என்பதை வகுப்பில் சொல்லும்போது, இத்தனை ஆண்டு ஆகியும் எனக்குத் தொண்டை கட்டுகிறது.

சரி, நம் வீடுகளுக்கு வருகிறேன். நான்கு ஆண்டுக்கு முன் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அந்தத் தாளோடு பள்ளிக்கு வந்தார். கையெழுத்துப் போடவில்லை. "ரீச்சர், எங்கட வீடு சின்னது. ரெண்டு அறைதான், நாங்கள் அஞ்சு பேர். அந்தப் பிள்ளையை எங்க படுக்க வைக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில் அவர் மகள் தலை குனிந்து நின்றாள். வகுப்பில் ஜெர்மனில் முதலாவதாக வருகிற பிள்ளை.

தனி அறை வேண்டும் என்று எந்தப் பள்ளியும் கேட்பதில்லை. ஒரு மெத்தை, ஒரு போர்வை, காலையும் மாலையும் சாப்பாடு, இவ்வளவுதான் கேட்கிறார்கள். மகளின் அறைத் தரையில் மெத்தையைப் போட்டால் போதும் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் தாள் கையெழுத்தோடு வந்தது.

மார்ச்சில் அந்தப் பெண் வந்தாள். ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிறிய ஊர்க்காரி, பதினான்கு வயது. மூன்றாம் நாள் மாலை எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். வாசலில் செருப்பும் சப்பாத்தும் வரிசையாக இருந்தன. அவள் வீட்டிலும் அப்படித்தானாம், சொல்லாமலே கழற்றிவிட்டாளாம். அந்த அம்மா அவளுக்கென்று பாணும் சீஸும் வாங்கி அடுக்கியிருந்தார். அவளோ வீட்டார் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே கேட்டாளாம். இடியப்பத்தைச் சொதியில் நனைத்துக் கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் வழிந்தது, ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

என் கண் அங்கே நிற்கவில்லை. அம்மாவும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்! அந்த அம்மா பிரான்சுக்கு வந்து பதினெட்டு ஆண்டு. பிரெஞ்சு தட்டுத் தடுமாறித்தான் வரும். பள்ளிக் கூட்டங்களுக்கு மகள்தான் மொழிபெயர்ப்பாளர், அதில் அந்த மகளுக்குக் கூச்சமும் உண்டு. ஜெர்மன் பெண்ணின் பிரெஞ்சும் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, அதே தடுமாற்றம். இருவரும் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அவள் மேசையைக் காட்டி 'லெ தாப்ள்' என்றாள். பிரெஞ்சில் மேசை பெண்பால். அம்மா மெதுவாக, "இல்லைப் பிள்ளை, லா தாப்ள்" என்று திருத்தினார். அவள் நன்றி சொல்லித் திருப்பிச் சொன்னாள். தன் அம்மா ஒருவருக்குப் பிரெஞ்சு திருத்துவதை அந்த மகள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள். சாப்பாட்டை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் இவள் போனாள். பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ரயில். முந்தின நாள் அம்மாவும் மகளும் பக்கத்திலேயே லா ஷாப்பலில் இனிப்பும் ஒரு தேயிலைப் பெட்டியும் வாங்கியிருந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர் தாண்டி ரைன் ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது பிள்ளைகள் எழுந்து ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். காவல் சாவடி எங்கே என்று கேட்பார்கள். சாவடி கிடையாது, ஆறு மட்டும்தான்.

அங்கே ஒரு தவறு நடந்தது, அது என் தவறு. உணவுப் படிவத்தை ஜெர்மனுக்கு மாற்றும்போது, இந்தப் பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடாது என்ற வரியை விட்டுவிட்டேன். அந்த ஊரில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும்: ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், இறைச்சித் துண்டுகள், எல்லாம் சூடில்லாதவை. அவள் இரண்டு இரவு வெறும் ரொட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள். மரியாதை என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா எனக்குப் போன் செய்து அழாத குறையாகக் கேட்டார். அதற்குப் பிறகு படிவத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்காமல் நான் அனுப்புவதில்லை. உங்கள் பிள்ளையிடமும் சொல்லி அனுப்புங்கள்: வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

பெண் பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டில் விடுவதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பெண்ணுக்குப் பெண்தான் ஜோடி சேர்க்கிறோம். பயணத்துக்கு முன் இரு குடும்பமும் வீடியோவில் பேசலாம், நானே நடுவில் இருந்து மொழிபெயர்த்திருக்கிறேன். இரவெல்லாம் எங்கள் தொலைபேசி திறந்திருக்கும். மனம் ஒப்பவில்லை என்றால் வீட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் மாற்றியிருக்கிறோம்.

பத்திரங்கள் பற்றியும் பயம் இருக்கிறது. பெற்றோர் கூட வராமல் பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போக, பெற்றோரின் அனுமதிப் படிவமும் அதில் கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்த விதி மறுபடி நடப்பில் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை இன்னும் கிடைக்காத பிள்ளை என்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் நாள் பிடிக்கும். கடைசி வாரத்தில் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, முதல் நாளே சொல்லுங்கள். ஐரோப்பிய மருத்துவ அட்டை இலவசம், அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பணம்தான் தடை என்றால் பள்ளியின் சமூக நிதி இருக்கிறது. வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள் என்பது எனக்கு வருத்தம்.

அந்த மகள் இப்போது லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், படிக்கிறாள். பிரிஜித் சொசே என்ற பரிமாற்றத் திட்டத்தில் மூன்று மாதம் அதே வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணும் மூன்று மாதம் இங்கே இருந்தாள், அதே அறையில், அதே மெத்தையில்.

இந்த ஆண்டு தம்பியின் முறை. தாள் கொடுத்த மறுநாளே கையெழுத்தோடு வந்துவிட்டது. போன வாரம் அந்த அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். இவனுக்கு ஜோடியாக வரும் பையனின் படத்தைப் பார்த்திருக்கிறார், ஆள் நல்ல உயரமாம்.

"மெத்தை நீளம் காணுமோ ரீச்சர்?" என்று கேட்டார்.