மூன்றரை இலட்சம் கேட்ட பற்றரியும் வெங்காயச் சருகும்

வணக்கம் நேயர்களே. என்னுடைய வெள்ளை டொயோட்டா அக்வாவை, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் அந்த ஹைபிரிட் காரை, உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொழும்பின் காலி வீதி நெரிசலை நான் திட்டித் தீர்க்கும் காணொளிகளில் எல்லாம் நீங்கள் பார்ப்பது அதைத்தான். சென்ற வாரம் பம்பலப்பிட்டிச் சந்தியில் அதன் முகப்பில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

நான் கொண்டுசென்ற கராஜில், கோளாறைக் காட்டும் ஸ்கேனரைக்கூடச் செருகிப் பார்க்காமல், ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது, மூன்றரை இலட்சம் ஆகும் என்றார்கள். மூன்றரை இலட்சம்! ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் சொல்லப்பட்ட தொகை அது. நன்றி சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தேன்.

நான் வாங்கி வைத்திருக்கும் சிறு ஸ்கேனரைக் காசுக்கு நட்டம் என்று உங்களில் பலர் எழுதினீர்களே, அது அன்று தன் விலையை மீட்டுத் தந்தது. பற்றரியைக் குளிர்விக்கும் காற்றாடியில்தான் கோளாறு என்று அது காட்டியது. சொல்ல மறந்துவிட்டேன்: விளக்கு எரிவதற்கு இரண்டு நாட்கள் முன்பிருந்தே பின்னிருக்கைப் பக்கம் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது, வானொலியின் சத்தத்தைக் கூட்டி அதை மறைத்தவன் நானேதான்.

என் அக்வாவின் பின்னிருக்கைக்கு அடியில் இருப்பது நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி. 7.2 வோல்ற் கொண்ட 20 தொகுதிகள் தொடராக இணைந்து 144 வோல்ற்றைத் தருகின்றன. நெரிசலில் அதற்கு ஓய்வே கிடையாது. வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிட, ஏசியை ஓட்டுவது பற்றரி. மெல்ல நகரும்போது மோட்டார் இழுப்பதும் அதிலிருந்துதான். பிரேக்கை மிதித்ததும் அதே மோட்டார் மின்பிறப்பாக்கியாகி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கே திருப்பி அனுப்புகிறது. இப்படி ஏறியும் இறங்கியும் சூடாகும் பற்றரியைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை. நாம் அமர்ந்திருக்கும் இடத்துக் குளிர்காற்றையே காற்றாடி உறிஞ்சிக் கொடுக்கிறது.

அந்தக் காற்று நுழையும் வாயின் மூடியைக் கழற்றினேன். கம்பளி போலப் படிந்த தூசு, இருக்கை உறையின் நூல்கள், அவற்றின் மேல் சிவந்த வெங்காயச் சருகுகள்! அம்மா சந்தைப் பையைச் சாய்த்து வைக்கும் இடம் சரியாக அதுதான். நூற்றைம்பது ரூபாய்ப் பெயின்ற் பிரஷ்ஷாலும் வீட்டுத் தூசு உறிஞ்சியாலும் அரை மணி நேரத்தில் துப்புரவாக்கினேன். நீங்கள் செய்வதானால் முதலில் வண்டியை முழுதாக அணைத்துவிடுங்கள். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மட்டும் தொடவே வேண்டாம், அவற்றில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு மாமா வந்து, இரவில் சார்ஜ் போடாததால் வந்த வினை என்றார். எத்தனை காணொளிகளில் சொல்லிவிட்டேன்! அக்வாவில் சார்ஜ் செருகும் இடமே இல்லை. பிரேக்கில் மீளும் மின்சாரம் போக, மிகுதியை 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின்தான் சுழன்று தருகிறது.

ஐந்து நாட்களாக மஞ்சள் விளக்கு எரியவில்லை, உறுமலும் இல்லை. சந்தைப் பையை இனி டிக்கியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தக்காளி நசுங்கும் என்று அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.