எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். தனிப்பட்ட கடன்களை இந்த மாதத்திலிருந்தாவது அடைக்கத் தொடங்க வேண்டும் என்று எண்ணியிருப்பவர்களுக்காக இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். வீட்டுக் கடனைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. அதன் காலமும் வட்டியும் வேறு கணக்கு. கடன் அட்டை, தனிநபர் கடன், செயலி வழியாக வாங்கிய கடன், நகை அடகு, கைமாற்று, தண்டல், ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் ஊர்களில் பெரும்பாலோர் கடனை எந்த வரிசையில் அடைக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். வாசலில் வந்து நிற்பவருடைய பணம் முதலில் போகிறது. அடுத்ததாக, மாமாவோ சித்தப்பாவோ கொடுத்த கைமாற்று போகிறது. அடுத்த கல்யாணத்தில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா? மாதந்தோறும் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் கடன் அட்டை கடைசியில் நிற்கிறது. மாமாவின் பணத்துக்குப் பெரும்பாலும் வட்டியே கிடையாது. அட்டைக்கோ ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிறது. கூச்சமும் பயமும் வகுத்துக் கொடுத்த இந்த வரிசையை மாற்றுவதுதான், வருமானம் ஒரு ரூபாய்கூட உயராமலேயே நீங்கள் செய்யக்கூடிய முதல் காரியம்.

அதற்கு ஒரு தாள் போதும். யாரிடம் வாங்கியது, இன்றைய தேதியில் அசல் எவ்வளவு பாக்கி, மாதத் தவணை எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நான்கையும் நிரப்பிவிடலாம். ஐந்தாவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கடன் கொடுப்பவர்கள் ஒவ்வொருவரும் வட்டியை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அடகுக்கடைக்காரர் "இரண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். "மூன்று வட்டி" என்றால் 36. வண்டிக்கோ வீட்டு உபயோகப் பொருளுக்கோ கடன் கொடுப்பவர் "பிளாட் ரேட் 12 சதவீதம்" என்று சொன்னால் அது 12 ஆகிவிடாது. ஒரு லட்ச ரூபாயை இரண்டு ஆண்டுகளுக்கு அப்படி வாங்கினால் வட்டி 24,000 ரூபாய், மாதத் தவணை 5,167 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முழு லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடப்படுவதால், குறையும் அசலின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21.6 சதவீதம் ஆகிறது.

தண்டல் கணக்கு இன்னும் கொடியது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாட்கள் வசூலிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தானே என்று தோன்றும். நீங்கள் இரண்டாம் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், ஆண்டுக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ 2024 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வாங்கிய தனிநபர் கடனாக இருந்தால் ஆண்டு வட்டியை நீங்களே கணக்கிடும் இந்தச் சிரமம் இல்லை. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுச் செலவு எத்தனை சதவீதம் என்று காட்டும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடனோடு கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தேடி எடுத்து அந்த எண்ணை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடன் அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதச் சம்பளக்காரர்கள் அதிகமாகச் சிக்குவது இங்கேதான். பாக்கி 50,000 ரூபாய், வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 315 ரூபாய், ஆக 2,065 ரூபாய். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் ஐந்து சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,500 ரூபாய். அதில் அசலுக்குப் போவது வெறும் 435 ரூபாய்! இதோடு முடிவதில்லை. முழுப் பாக்கியையும் கட்டாதவரை வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடுகிறது. இன்று அந்த அட்டையில் வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே அடைக்கத் தொடங்கும் நாளில் அந்த அட்டையை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கடைச் செயலிகளில் சேமித்துவைத்த அட்டை எண்ணையும் நீக்கிவிடுங்கள்.

தாள் நிரம்பிய பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாக் கடனுக்கும் கட்டியே தீர வேண்டிய தவணையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை முழுவதும் ஆண்டு வட்டி அதிகமான கடனிலேயே போடுங்கள். அது தீர்ந்ததும் அதற்குக் கட்டிவந்த தொகையையும் சேர்த்து அடுத்ததில் போடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கடன்களின் வட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது நானும் அதை ஏற்கிறேன், ஆனால் ஒன்று 12, மற்றொன்று 42 என்று இருக்கும்போது உற்சாகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். கைமாற்று கொடுத்த உறவினரிடம் ஒளிந்து திரியாமல், "மாமா, அட்டைக் கடனை முடித்துவிட்டு வரும் தை மாதத்திலிருந்து உங்களுக்கு மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்கே திடீரென்று பணம் தேவைப்படலாம் என்பதால் அவரையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்வதுதான் முறை.

நம் வீடுகளில் நகை இருப்பது இந்த இடத்தில் உதவும். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 42 சதவீதக் கடனை 10 சதவீதக் கடனாக மாற்றிக்கொள்வது நல்ல கணக்கு. ஆனால் நகையை வைத்துப் பணத்தை வாங்கியவர்கள், அட்டையை அடைத்த நிம்மதியில் அதே அட்டையை மறுபடி தேய்த்து, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையை மறு அடகு வைப்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே நகைக்கடனுக்கும் மாதந்தோறும் அசலில் கொஞ்சம் கட்டி வாருங்கள்.

கையில் உள்ள கடைசி ரூபாய் வரை கடனில் போட்டுவிடாதீர்கள். ஒரு மாத அடிப்படைச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்த பிறகே கூடுதலாகக் கட்டத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமோ ஒரு காய்ச்சலோ உங்களை மீண்டும் தண்டல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தும். அதேபோல் மொய் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்து நேயர்களுக்கு விளக்கவே தேவையில்லை: நம் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். வட்டி கிடையாது, தேதியை மட்டும் அடுத்தவர் வீட்டு விசேஷம் முடிவு செய்கிறது. இந்த ஆண்டு எந்தெந்த வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் கல்யாணம் என்று முன்கூட்டியே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தவணை தவறியவர்கள் வசூல் முகவர்களுக்கு அஞ்சி வேறு கடன் வாங்கிக் கட்டுவதும் நடக்கிறது. வங்கிக் கடனுக்கான முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பாக்கிக்காக அழைக்கக் கூடாது. மிரட்டவோ உறவினரிடம் அவமானப்படுத்தவோ கூடாது. கடன் செயலிகள் உங்கள் கைப்பேசியின் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம், 14448 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, கந்துவட்டித் தடைச் சட்டம் என்று சொல்வார்கள். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே புகார் எழுதுங்கள்.

தனியாரிடம் திருப்பிக் கட்டும்போது ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்புங்கள், ரொக்கமாகவே வேண்டும் என்றால் பிராமிசரி நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்த அன்றே நோட்டையும், கொடுத்திருந்த வெற்றுக் காசோலைகளையும் திரும்ப வாங்கிவிடுங்கள். வங்கிக் கடன் என்றால் நிலுவையில்லாச் சான்றிதழ் கேளுங்கள். பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் "செட்டில்டு" (முழுத் தொகையும் கட்டாமல் முடிக்கப்பட்டது) என்று பதிவாகும் என்பதையும் பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஓரிரு மாதம் கழித்து, அந்த அறிக்கையைத் தயாரிக்கும் சிபில் போன்ற நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாவிட்டால் அந்தச் சான்றிதழை இணைத்து அதே தளத்தில் திருத்தம் கோரி விண்ணப்பிக்கலாம்.