ஆடத் தெரிந்தவளுக்கும் கூடம் வேண்டும்

(நம் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. சிலர் எழுதிக் கேட்டதால் பேச்சுவாக்கில் வந்ததைப் பெரிதாகத் திருத்தாமல் தருகிறேன்.)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, வேண்டாம் என்று கெஞ்சியும் பொன்னாடை போர்த்திவிட்ட வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, மைக்கையும் நாற்காலியையும் வாடகை வாங்காமல் கொடுத்த பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் வரலாறு எடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஆண்டுகளைச் சொல்லும்போது ஐயா முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன்), பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஹாங்காங் நடிகை யாம் கிம் ஃபாயின் மேடை வாழ்க்கை, அவருடைய திரை வாழ்க்கை, அப்புறம் தென்சீனத்துக் காண்டனீஸ் மொழி இசை நாடகத்தின் தாளவாத்தியங்கள். மூன்றாவதற்கு நேரம் இருக்குமா என்று தெரியவில்லை, பார்ப்போம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." நம் ஊர் நாடகக் கொட்டகையைத் திறந்துவிடுங்கள் என்று மனு எடுத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் எனக்கு இந்தப் பழமொழியைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். திறமை இருந்தால் தெருவில்கூட ஆடலாமே, கூடம் எதற்கு என்கிறார்கள். சரி, ஆடத் தெரிந்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

யாம் கிம் ஃபாய் 1913இல் பிறந்தவர். தென்சீனத்தில் அப்போது ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிக்கத் தடை. ஆண்கள் குழுவில் பெண் வேடத்தையும் ஆணே கட்டுவான், பெண்கள் குழுவில் அரசன், தளபதி, காதலன் எல்லாமே பெண்தான். பெரிய கொட்டகைகள் ஆண்கள் குழுக்களுக்குப் போய்விடும். பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று குவாங்சோ நகரத்துப் பெரிய கடைகளின் மொட்டைமாடி. கீழே துணியும் சீப்பும் கண்ணாடியும் வியாபாரம், மேலே நாடகம். அந்த உலகத்தில்தான் யாம் பதின்ம வயதில் ஆண் வேடம் கற்றார். பிறகு அந்தக் காலத்துப் பெரிய நடிகர் குவாய் மிங் யுங்கின் பாணியைப் பிடித்து, 'பெண் குவாய் மிங் யுங்' என்றே பேர் வாங்கினார். ஆண் வேடம் கட்டும் பெண் நமக்கும் புதிதில்லை. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகத் திரையில் வந்தது தாத்தாக்களுக்குத் தெரியும்.

1930களில் யாம் மக்காவ் என்ற ஊருக்குப் போனார். ஜப்பான் படை 1938இல் குவாங்சோவையும் 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங்கையும் பிடித்தது. மக்காவ் போர்ச்சுகல் கையில் இருந்ததால் தப்பித்தது. அகதிகள் குவிந்த அந்தச் சின்ன ஊரில், போர்க்காலம் முழுக்க அவர் ஆடிக்கொண்டேயிருந்தார். காரணம் ரொம்பச் சாதாரணம், அங்கே சிங் பிங் என்று ஒரு கொட்டகை திறந்திருந்தது. வார்டு உறுப்பினர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குண்டு விழுந்த காலத்திலும் ஒரு ஊரில் கொட்டகை திறந்திருந்தது. நம் ஊரில் குண்டும் விழவில்லை, பூட்டும் திறக்கவில்லை.

போர் முடிந்ததும் ஹாங்காங். பாக் சுயட் சின் என்ற நடிகையோடு சேர்ந்து 1956இல் சின் ஃபுங் மிங் என்ற நாடகக் குழு. அவர் நாயகி, யாம் நாயகன். நாடகம் எழுதிக் கொடுத்தவர் தோங் திக் சாங். நகைச்சுவைக்கு லியுங் சிங் போர், சிங்கப்பூரில் பிறந்தவர். நாயகனாக ஆடிக்கொண்டிருந்தவர் உடம்பு பெருத்துப்போனதும் நகைச்சுவைக்கு மாறி முன்னைவிடப் பெரிய பேர் வாங்கினார். பந்தல் கடை அண்ணாச்சி சிரிக்கிறார், நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

1957இல் இவர்கள் போட்ட 'மலர் இளவரசி' நாடகத்தின் கதை: மிங் வம்சத்துக் கடைசிப் பேரரசன், பகைவன் கையில் சிக்கக் கூடாதென்று மகளையே வாளால் வெட்டுகிறான். அவள் பிழைக்கிறாள். புதிய அரசன் அவளுக்கும் அவள் காதலனுக்கும் கல்யாணம் செய்துவைக்கிறான். தம்பியையும் தந்தையின் உடலையும் காப்பாற்றத்தான் அவள் அதற்குச் சம்மதிக்கிறாள். கல்யாண இரவில் இரண்டு பேரும் விஷம் குடித்துச் சாகிறார்கள். அந்தக் கடைசிப் பாட்டு தெரியாத ஹாங்காங்காரர் அபூர்வம்.

இப்போது நான் சொல்லியே ஆக வேண்டிய கதைக்கு வருகிறேன். 1959 செப்டம்பர் 14, ஹாங்காங் காஸ்வே பே, லீ தியேட்டர். 1927இல் கட்டிய அரங்கம், தலைக்கு மேலே கும்மட்டம் மாதிரி கூரை, சுழலும் மேடை. தோங் திக் சாங்கின் புது நாடகம் முதல்முறை அரங்கேறுகிறது. எழுதியவரே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்கிறார். கதை என்ன? கொடுங்கோல் மந்திரி ஒருவனின் ஆசைநாயகி, மேற்கு ஏரியில் படகில் போகும்போது ஒரு படித்த இளைஞனைப் பார்த்து, 'என்ன அழகு!' என்று வாய்க்குள் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான், அதற்கே மந்திரி அவளைக் கொன்று சவப்பெட்டியில் போடுகிறான். அந்த இளைஞன், அதாவது நம்ம யாம், மனம் உடைந்து அலைகிறான். போன இடத்தில் செத்தவளின் சாயலில் இன்னொரு பெண். அவளையும் அதே மந்திரி கேட்கிறான். இளைஞன் மந்திரி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறான். செத்தவள் ஆவியாக எழுந்து வந்து அவனைக் காப்பாற்றி வெளியே அனுப்புகிறாள். இரண்டு பெண்ணும் பாக் சுயட் சின்னேதான். ஒரே ராத்திரியில் இரட்டை வேடம், ஒன்று உயிரோடு, ஒன்று ஆவியாக. அரங்கம் நிறைந்திருக்கிறது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, இருக்கையில் இருந்த தோங் திக் சாங் அப்படியே மயங்கிச் சரிகிறார். மூளையில் இரத்தக்கசிவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள், மறுநாள் உயிர் போய்விடுகிறது. வயது 42. செத்தவள் எழுந்து வரும் நாடகத்தை எழுதியவன் அதே நாடகத்தின் முதல் நாளில் சாய்ந்துவிட்டான் என்று ஊரே பேசியது, இன்றும் பேசுகிறது. எனக்கு ஆவியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் வெற்றிலையை மெல்லாமல் நிறுத்தியதைப் பார்த்தேன்.

அந்த லீ தியேட்டர் என்ன ஆனது தெரியுமா? 1991இல் இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் வணிக வளாகம். இந்த இரண்டு சொல்லையும் நம் ஊரில் யார் அடிக்கடி சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், மேடை நாகரிகம் கருதிப் பேர் சொல்லவில்லை.

சரி, திரைக்கு வருவோம். யாம் நடித்த படங்கள் 300க்கும் மேல். 1950களில் ஹாங்காங்கில் ஏழெட்டு நாளில் ஒரு படத்தைச் சுருட்டிக் கொடுப்பது சகஜம், எல்லாம் உருப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவனித்துப் பாருங்கள். காண்டனீஸ் மேடையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கதவு கிடையாது. நடிகர் இரண்டு கையாலும் தாழை நீக்கி, இரண்டு பக்கமும் தள்ளி, வாசல்படிக்குக் காலைத் தூக்கி வைத்தால் நமக்குக் கதவு தெரிய வேண்டும். கேமரா முன்னால் நிஜக் கதவையே வைத்துவிடுகிறார்கள். பல மேடை நடிகர்கள் அங்கே கையை எங்கே வைப்பதென்று தவித்தார்கள். யாம் தவிக்கவில்லை. கனத்த அடியுள்ள பூட்ஸ் போட்டு நடந்து பழகிய அந்த நடையைக் கொஞ்சம் குறைத்தார், நீண்ட வெள்ளைக் கைமடிப்பை வீசுவதைக் குறைத்தார், மீதியைக் கண்ணிடம் விட்டார். சில படங்களில் கோட்டு சூட்டு போட்ட இக்காலத்து ஆணாகவும் வருவார், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ரசிகர்களின் காதலன் என்று பேர், அந்த ரசிகர்களில் பெண்கள்தான் அதிகம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இவளுக்கு மொட்டைமாடி கோணலில்லை, மக்காவ் கோணலில்லை, கேமரா கோணலில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கூடம் இருந்ததய்யா! அதைத்தானே நான் கேட்கிறேன்.

1968இல் 'லீ ஹவ்ஜு' என்ற அரசர் கதை, செலவைப் பார்க்காமல் பல ஆண்டுகள் எடுத்த படம். அதோடு யாம் திரையை விட்டார். அதற்கு முன்பே பாக்கும் அவரும் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஒரு இளையோர் குழுவை உருவாக்கியிருந்தார்கள். 1972 ஜூனில் ஹாங்காங்கில் பேய்மழை, மண்சரிவில் நிறையப் பேர் மாண்டார்கள். நிவாரண நிதிக்காகத் தொலைக்காட்சியில் இருவரும் வந்து மலர் இளவரசியின் கடைசிப் பாட்டைப் பாடினார்கள். யாம் 1989 நவம்பரில் காலமானார்.

அதே 1972இல் நார்த் பாயிண்டில் சன்பீம் என்ற அரங்கம் திறந்தது. காண்டனீஸ் நாடகத்துக்குப் பல ஆண்டுகள் அதுதான் வீடு. பலமுறை மூடுவோம் என்றார்கள், பலமுறை தப்பித்தது, கடைசியில் 2025 மார்ச்சில் மூடியேவிட்டது. 2009இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தும் அரங்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மேற்குக் கவுலூனில் 2019இல் அரசு புதிதாக ஒரு பெரிய இசைநாடக அரங்கம் கட்டித் திறந்தது, அது நல்ல காரியம், மறுக்கவில்லை. நமக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற கொட்டகையின் கூரை ஓடுகளை மாற்றி, பெண்களுக்கு ஒப்பனை அறையும் கழிப்பறையும் கட்டி, பூட்டை எடுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுவிழாவை இன்னமும் கல்யாண மண்டபத்தில் வாடகை கொடுத்து நடத்துகிறார்கள். அந்த வாடகை யாருக்குப் போகிறது என்று நான் கேட்கப் போவதில்லை, தலைவர் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

தாளவாத்தியம் அடுத்த கூட்டத்துக்கு. மனுப் படிவம் வாசலில் தேநீர் மேஜைமேல் இருக்கிறது. பேரும் வார்டு எண்ணும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பேனாவைக் கொண்டுபோய்விடாதீர்கள், போன தடவை அப்படித்தான் ஆனது. வார்டு உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடுவதாகச் சற்றுமுன் தலையசைத்தார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? நன்றி, வணக்கம்.