பேய்க்கும் பசிக்கும்

(கொடைக்கானலில் சிறுவர் கதை எழுதும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் போர்வைக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சிறுவர்களுக்கான வேடிக்கைப் பேய்க்கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு புகார். இந்த வகைக் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன. பயந்து நடுங்கும் பையன் விளக்கைப் போடுகிறான். பார்த்தால், கொடியில் தாத்தாவின் வேட்டி. அவ்வளவுதான் கதை! பேயைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போய் வேட்டியைக் காட்டினால் எந்தப் பிள்ளைக்குத்தான் கோபம் வராது? என் கட்சி இதுதான்: பேய் நிஜமாகவே இருக்கட்டும். சிரிப்பு வேண்டுமென்றால், அந்தப் பேய்க்கு நமக்கு இருக்கிற மாதிரி ஒரு சில்லறைக் கஷ்டத்தைக் கொடுங்கள்.

நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை இது. செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்களுக்கு யாரையும் பயமுறுத்த நேரமே கிடையாது. அவற்றுக்குப் பசி. காளியிடம் போய் முறையிட்டு அழுகின்றன. கலிங்கப் போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. சாப்பிடுவதற்கு முன் என்ன செய்கின்றன தெரியுமா? பல் விளக்குகின்றன! யானைத் தந்தம்தான் பல்குச்சி. யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பந்தியிலும் ஒழுங்கு உண்டு. கண் தெரியாத பேய் தடவிப் பார்க்கிறது. வாய் பேசாத பேய் கையால் ஜாடை காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டும். இரவில் கனவு கண்ட பேய்க்கு நாளைக்கும் சேர்த்துப் பொதிந்து வைக்கச் சொல்கிறார். பார்சல்! பரணியில் ரத்தமும் நிணமும் நிறைய, அதனால் ஐந்தாம் வகுப்பில் அப்படியே வாசித்துவிடாதீர்கள். பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள்.

முருங்கை மரத்து வேதாளமும் அந்த ஜாதிதான். ராஜாவின் தோளில் ஓசிச் சவாரி, வழியெல்லாம் கதை, முடிவில் கேள்வி, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டல். வாத்தியார் வேலைக்கு வந்திருக்க வேண்டியது. ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற குணா குகைக்கு, 1991இல் அந்தப் படம் வருவதற்கு முன்பு என்ன பெயர்? டெவில்ஸ் கிச்சன். பேய்க்கென்று தனியாக ஓர் அடுப்படியே இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக் கவுன் துரைசானியையும் பாழடைந்த பங்களாவையுமே எத்தனை காலம் எழுதுவது? மலைக்கதை என்றதும் இந்த மலையின் பழங்குடிகளான பளியரில் ஒருவரை மந்திரவாதியாக்கி மிரட்டுகிற பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் படிக்கத்தானே போகிறார்கள்.

நான் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். வத்தலக்குண்டுப் புளியமரத்துப் பேய் ஒன்று, மே மாத வெயில் பொறுக்காமல் கடைசி பஸ்ஸில் ஏறி மலைக்கு வருகிறது. கட்டியிருப்பதோ ஒற்றைப் புடவை. குளிரில் பல் தந்தி அடிக்கிறது. 'ஹூ' என்று ஊளையிட வாயைத் திறந்தால் தும்மல்தான் வருகிறது. அப்போது எதிரே நாலு வெள்ளைக் கால்கள் நடந்து வருகின்றன. மேலே உடம்பைக் காணோம். உங்களுக்குத் தெரியும், அது காட்டுமாடு. உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ். பேய்க்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் கால் இல்லாத பேய்தான். கால் மட்டும் இருக்கிற பேயை அது கேள்விப்பட்டதே இல்லை. அலறிக்கொண்டு ஓடி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. சின்னப் பெண் ஒருத்தி திறக்கிறாள். "பாப்பா, உள்ளே வரட்டுமா? வெளியே பேய் நிக்குது!"

அப்புறம்? மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் கோக்கர்ஸ் வாக் போகிறார்கள். 1872இல் போட்ட நடைபாதை அது. முதுகுக்குப் பின்னால் வெயிலும் எதிரே பள்ளத்தில் மேகமும் சேர்ந்து அமைந்தால், அபூர்வமாக நம் நிழலே அந்த மேகத்தின்மேல் விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். நாம் கையாட்டினால் அதுவும் ஆட்டும். வேடிக்கை என்னவென்றால், அவரவர் தலையைச் சுற்றி இருக்கும் வளையம் அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பாப்பா தன் நிழலைப் பார்த்துக் குதிக்கிறாள். பேயும் ஆசையாக எட்டிப் பார்க்கிறது. ஒன்றும் இல்லை. பேய்க்குத்தான் நிழலே கிடையாதே! மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் வத்தலக்குண்டுக்கே போறேன்" என்கிறது.

அதை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எனக்கு வழி தெரியவில்லை. முன்வரிசையில் தம்பி ஒருவன் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டே இருக்கிறான். மைக்கை அவனிடம் கொடுங்கள்.