பேயை விடுங்கள், பிள்ளையைப் பாருங்கள்!

நடுவர் அவர்களே! குழந்தையை வைத்து எடுக்கும் அமானுஷ்யத் திகில் படத்தில் நம்மை நடுங்க வைப்பது பேயா, அந்தப் பிள்ளையின் மனசா? மனசுதான் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் மேக்கப்பையும் கிராஃபிக்ஸையும் அடுக்கிவிட்டுப் போனார். ஐயா, முதல் தடவை வந்த பேய்க்குத்தான் அலறுவோம். மூன்றாம் தடவை வந்தால் நகம் சரியில்லையே என்று குறை சொல்வோம்!

1999-இல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவர்கள் தன் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்ற ரகசியத்தைச் சிறுவன் கோல் வாய்விட்டுச் சொல்வதற்குள் கிட்டத்தட்டப் பாதிப் படம் ஓடிவிடும். அதற்குச் சற்று முன்புதான் அவன் உடம்பிலுள்ள கீறல்களைப் பார்த்து மருத்துவர் தாயையே சந்தேகப்படுவார். காயம் ஒன்று, காரணம் இரண்டு. திரைக்கதையின் சூட்சுமமே அதுதான். எந்தச் சம்பவத்துக்கும் பேய் ஒரு காரணமாக இருக்கவேண்டும், மனசோ வீடோ இன்னொரு காரணமாக இருக்கவேண்டும். ஒன்று அறுந்தால் சந்தேகம் போச்சு, கூடவே பயமும் போச்சு.

பலர் கோட்டைவிடுவது பிள்ளையின் தூக்கத்தைக் காட்டும்போதுதான். இரவு அலறல் ஆழ்ந்த உறக்கத்தில், பெரும்பாலும் தூங்கிய முதல் 3 மணி நேரத்துக்குள் வரும். கண் திறந்திருக்கும், அம்மா தூக்கினாலும் அடையாளம் தெரியாது, காலையில் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு அப்படியல்ல, இரவின் பிற்பாதியில் வரும், நினைவிலும் நிற்கும். நம் ஆட்கள் இரண்டையும் குழப்பி, நள்ளிரவில் வெறித்துக் கத்திய பிள்ளையைக் காலையில் பேயின் புடவைக் கலர் வரை சொல்லவைக்கிறார்கள். விவரம் தெரிந்தவனுக்கு அங்கேயே பேய் உறுதியாகிவிடுகிறது. அப்புறம் எதற்கு மனநல மருத்துவர் பாத்திரம்? சம்பளம் தண்டம்!

கேமராவை எங்கே வைப்பது? 6 வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். கதவின் கைப்பிடியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கிருந்து பார்த்தால் கைப்பிடி முகத்துக்கு நேரே பெரிதாக நிற்கும். பெரியவர்களின் தலை கேமராவின் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். இசையை நிறுத்துங்கள். கைப்பிடி மெல்லத் திரும்பட்டும். வருவது யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எதிரணியினர் அந்தக் கதவைத் திறந்து பேயைக் காட்டச் சொல்கிறார்கள். பேய் நின்றால் பிள்ளை அம்மாவிடம் ஓடிவிடும். நிற்பது அம்மாவே என்றால், எங்கே ஓடும் நடுவர் அவர்களே?