கருவாட்டு ஈயும் கரைவலைப் பாட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் கருவாடு காயப்போட்ட மணலில் கால்மணி நேரம் நின்றவர்களுக்கு, ஈயைப் பற்றி ஒருவன் ரேடியோவில் பேசுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். கையை வீசினால் பறக்கும். கையை எடுத்தால் அதே நெத்திலி மேல் வந்து உட்காரும். ஒருநாள் என் பெரியம்மா சலித்துப்போய்க் கேட்டார்: "விலங்கியல் படிச்சவன்தானே நீ, சொல்லு தம்பி. இத்தனூண்டு உடம்புக்குள்ள எத்தனை நரம்பு ஓடுனா இந்த வேகம் வரும்?"

ரொம்பக் கொஞ்சம்தான் பெரியம்மா என்றேன். அவர் நம்பவில்லை.

நம் கெண்டைக்கால் தசையை இயக்க நூற்றுக்கணக்கான நரம்பணுக்கள் வேண்டும். வெட்டுக்கிளி துள்ளும்போது பின்னங்காலை நீட்டுகிற தசைக்கு நான்கே நான்கு போதும். ஒன்று வெடுக்கென உதைக்கச் சொல்லும். ஒன்று மெல்ல இழுத்து நிற்கவைக்கும். மூன்றாவது, தளர்ந்து கொடு என்று அடக்கும். நான்காவது தசையின் சுருதியைக் கூட்டிக் குறைக்கும். இதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது. நம் உடம்பில் அடக்குகிற வேலையெல்லாம் தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தசைக்கு வருவது ‘இழு’ என்ற உத்தரவு மட்டும். பூச்சிக்கோ ‘இழு’, ‘விடு’ இரண்டும் தசை வாசல்வரை வருகின்றன.

சரி, இறக்கைக்கு வருவோம். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க, ஒவ்வொரு ‘ஏலேலோ’வுக்கும் ஓர் இழுப்பு. பாட்டு நின்றால் வலையும் நிற்கும். தட்டான் பறப்பது அப்படித்தான். அதன் தசைகள் நேராக இறக்கையின் அடியில் பிடித்திருக்கின்றன. ஒவ்வோர் அடிப்புக்கும் நரம்பிலிருந்து ஒரு கட்டளை வரவேண்டும். வினாடிக்கு 30 தடவை என்ற கணக்கில் அது அடிக்கிறது. சின்ன வயதில் அதன் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவிட்ட பாவம் எனக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிற தட்டான்களில் ஓர் இனம், இதே இறக்கையை வைத்துக்கொண்டு, காற்றில் மிதந்தும் அடித்தும் இந்துமாக்கடலைத் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா போகிறது என்று 2009-இல் கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார்.

ஈ அடிப்பது வினாடிக்கு ஏறக்குறைய 200 தடவை. காதோரம் ரீங்காரமிடும் கொசு 400-க்கும் மேல். இங்கேதான் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் தசைக்குள் கால்சியம் வெளிவந்து, தசை சுருங்கி, அந்தக் கால்சியம் மறுபடி உள்ளே இழுக்கப்பட வேண்டும். அத்தனை வேகத்தில் அதைச் செய்து முடிக்கச் சாதாரணத் தசையால் ஆகாது. 1949-இல் கேம்பிரிட்ஜில் பிரிங்கில் என்பவர் ஈயின் தசையில் மின்துடிப்பை அளந்து பார்த்தார். இறக்கை அடிக்கிற எண்ணிக்கைக்கும் நரம்புத் துடிப்புக்கும் பொருத்தமே இல்லை. இறக்கை நூற்றுக்கணக்கில் அடிக்க, நரம்பு சில துடிப்புகளோடு நிறுத்திக்கொள்கிறது.

அப்படியானால் மிச்ச அடியை யார் அடிக்கிறார்கள்? ஈயின் பெரிய தசைகள் இறக்கையைத் தொடுவதே இல்லை. மார்புக்கூட்டின் சுவரில் பிடித்திருக்கின்றன. ஒரு கூட்டம் மேலும் கீழுமாக, இன்னொரு கூட்டம் முன்னும் பின்னுமாக. ஒன்று சுருங்கினால் கூடு நெளிந்து மற்றதை இழுக்கும். இழுபட்ட தசை, அந்த இழுப்பே காரணமாகச் சுருங்கும். சுருங்கி முதலாவதை இழுக்கும். கூடு ஸ்பிரிங் போல அதிர, இறக்கை தானாக ஏறி இறங்கும். நரம்பின் வேலை கால்சியம் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான். இது அம்பாப் பாட்டல்ல, விசைப்படகு. டிரைவர் பிஸ்டனுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டா இருக்கிறார்? எஞ்சினைத் தட்டிவிட்டுச் சுக்கானைப் பிடிக்கிறார். ஈக்கும் சுக்கான் உண்டு: இறக்கையடியில் மயிரிழை போன்ற சின்னத் தசைகள். அவை மட்டும் பழையபடி கட்டளைக்குக் கட்டளை வேலை செய்யும். உங்கள் கைக்கு அது தப்புவது அந்தச் சுக்கானால்தான்.

பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மருந்தடிச்சா எது நிக்கும், எஞ்சினா சுக்கானா?" என்றார். நல்ல கேள்வி. நம் நரம்பு தசையோடு பேசுவது அசிட்டைல்கோலின் என்ற பொருளால். பூச்சியின் நரம்பு அதற்குக் குளூட்டமேட் என்ற வேறொரு பொருளைப் பயன்படுத்துகிறது. ஆனால் பூச்சியின் மூளைக்குள்ளும் நரம்பு முடிச்சுகளுக்குள்ளும் பேச்சு அசிட்டைல்கோலினில்தான். பழைய பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கவிடாமல் தேக்கிவிடும். ஈக்கு டிரைவரின் தலை குழம்பும். மனிதருக்குள் போனால் தலையோடு கைகால் தசை, மூச்சிழுக்கும் தசை எல்லாமே மாட்டிக்கொள்ளும்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய், கிழிந்த கொசுவலையை எடுத்துவந்து நெத்திலி மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்.