கட்டடத்தைப் பார்த்துப் பெண் கொடுக்கலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மதியச் சாப்பாட்டை நம்பி வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஃபேன்டசி ஃபுட்பால் மாக் டிராஃப்டில் ஒரு ரூக்கியை எடைபோட எதைப் பார்க்க வேண்டும், அவருடைய திறமையையா, அவர் போய்ச் சேர்ந்த அணியையா? இதுதான் தலைப்பு. திறமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் நிஜ வீரர்களைப் பத்துப் பன்னிரண்டு பேர் பங்குபோட்டு ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவோம். அந்த வீரர் மைதானத்தில் ஓடும் கெஜத்துக்கும் போடும் டச்டவுனுக்கும் நமக்குப் புள்ளி. பங்கு போடுவதற்குப் பெயர் டிராஃப்ட், அதற்கு ஒத்திகை மாக் டிராஃப்ட். நிஜ அணிகளும் வருஷா வருஷம் கல்லூரிப் பையன்களை ரவுண்டு ரவுண்டாக, வரிசைப்படி எடுக்கும். அதற்கும் டிராஃப்ட் என்றுதான் பெயர். கல்லூரியிலிருந்து இந்த வருஷம்தான் வந்திருக்கும் பையன் ரூக்கி. பெரிய மேடையில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவன். சண்டையே அதனால்தான்.

எதிரணி அண்ணன் சற்று முன் கேட்டார்: "விதை எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன, பாறையில் போட்டால் முளைக்குமா?" அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணே, மாக் டிராஃப்ட் போடும் ஜூலை மாதம் நீங்கள் பார்த்த நிலம், அதாவது அணி, அக்டோபரில் அங்கேயே இருக்கிறதா?

2020-ஐ எடுத்துக்கொள்வோம். கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் என்று ஒரு ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். நிஜ டிராஃப்டில் முதல் ரவுண்டின் கடைசி இடமான 32-இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தது. சாம்பியன் அணி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். போதாததற்கு, அங்கே ஏற்கெனவே இருந்த ரன்னிங் பேக் டேமியன் வில்லியம்ஸ் கொரோனாவை முன்னிட்டு அந்த சீசன் ஆடவில்லை என்று ஜூலை கடைசியில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மாக் டிராஃப்டுகளில் இந்தப் பையன் முதல் ரவுண்டுக்கு ஏறிவிட்டார். மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தே பெண் கொடுத்துவிட்டார்கள்!

அதே வருஷம் ஒன்பது இடம் தள்ளி, 41-ஆவதாக, இன்னொரு ரன்னிங் பேக் ஜோனத்தன் டெய்லரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூன்றே சீசனில் 6,174 கெஜம் ஓடியவர். அடுத்தடுத்து இரண்டு சீசனில் 2,000-ஐத் தாண்டியவர். 226 பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு 40 கெஜத்தை 4.39 விநாடியில் கடந்தவர். எட்வர்ட்ஸ்-ஹெலேர் கல்லூரியில் பிரமாதமாக ஆடியது ஒரே ஒரு சீசன். அதுவும் ஜோ பர்ரோ, ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்று நட்சத்திரங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியில். ஆனாலும் ஃபேன்டசியில் டெய்லர் பின்னால் தள்ளப்பட்டார். காரணம், அங்கே மார்லன் மேக் என்ற ரன்னிங் பேக் ஏற்கெனவே இருக்கிறாராம்.

நடந்தது என்ன? சீஃப்ஸ் பையன் முதல் ஆட்டத்தில் 138 கெஜம் ஓடினார். எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். அக்டோபரில் அதே சீஃப்ஸ் லெவியான் பெல் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கைக் கூட்டிக்கொண்டு வந்தது. காயமும் சேர்ந்துகொண்டது. சீசன் முடிவில் 803 கெஜம். டெய்லர் 1,169. அடுத்த வருஷம் டெய்லர் 1,811 கெஜத்தோடு லீகிலேயே முதலிடம்.

அண்ணன் எழுந்திருப்பது தெரிகிறது. "முதல் ஆட்டத்திலேயே மேக் காயம்பட்டுப் போனதால்தானே டெய்லருக்கு வாய்ப்பு வந்தது?" உண்மைதான். அந்தக் காயம் ஜூலை மாக் டிராஃப்டில் யார் கண்ணுக்குத் தெரிந்தது? வாய்ப்பு வரும், போகும், அது நம் கையிலும் இல்லை, கணிப்பிலும் இல்லை. 6,174 மட்டும் அன்றைக்கே எல்லோர் கண் முன்னாலும் இருந்தது.

அடுத்தது இன்னும் பொல்லாத உதாரணம், அதே டிராஃப்ட். பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவர், பஞ்சம். முந்தைய வருஷம் ஆள் ஆளாகக் காயம்பட்டுக் கிடந்த அணி. அண்ணன் மொழியில் சொன்னால் வண்டல் மண். 21-ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தார்கள். 22-ஆவதாக மினசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. முந்தைய கல்லூரி சீசனில் ரேகர் பிடித்தது 43 பந்து, ஜெஃபர்சன் 111. ரேகருக்குப் பந்து எறிந்தவர் சரியில்லை என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் முதல் இரண்டு ஆட்டத்தில் ஜெஃபர்சன் தொடக்க வரிசையில்கூட இல்லை, தெரியுமா? மூன்றாவது ஆட்டத்தில் 175 கெஜம். சீசன் முடிவில் 1,400. வண்டல் மண்ணில் ரேகருக்கு விளைந்தது 396.

புக்கா நகுவா என்ற ரிசீவரைச் சொன்னார் எதிரணித் தங்கை. 2023-இல் ஐந்தாவது ரவுண்டு, 177-ஆவது ஆள். முதன்மை ரிசீவர் கூப்பர் கப் காயம்பட்டதால் ராம்ஸ் அணியில் இடம் கிடைத்தது, ரூக்கி சாதனையாக 105 கேட்ச், 1,486 கெஜம். நல்ல உதாரணம். இதில் எங்கள் அணியும் தோற்றதுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோடையில் என் மாக் டிராஃப்ட் ஒன்றில்கூட நகுவா பெயர் இல்லை. ஆனால் தங்கச்சி, ராம்ஸில் ரிசீவர் வரிசை மெலிந்திருப்பது ஊருக்கே தெரியும். அணியைப் பார்த்து எடுக்கும் நீங்களாவது அவரை எடுத்தீர்களா? அப்புறம் இன்னொன்று. ஐந்தாவது ஆட்டத்தில் கப் திரும்பி வந்துவிட்டார். வாய்ப்புதான் எல்லாம் என்றால் நகுவா அன்றைக்கே பெஞ்சுக்குப் போயிருக்க வேண்டுமே!

திறமை என்றால் ஓட்ட வேகம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2017-இல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி, ஒன்பதாவது இடத்தில் சின்சினாட்டிக்குப் போனார். முதல் சீசனில் அவர் பிடித்த பந்து பூஜ்ஜியம். கல்லூரியில் எத்தனை சீசன், யாருக்கு எதிராக, அணியின் மொத்தப் பந்தில் எவ்வளவு பங்கு, நான் பார்க்கச் சொல்வது அதை.

மணி அடிக்கிறார்கள், ஒரே ஒரு நிமிடம் நடுவரே. 2024, பிராக் பவர்ஸ். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடும்போது, நாட்டின் சிறந்த கல்லூரி டைட் எண்டுக்கான (தடுக்கவும் செய்வார், பந்தும் பிடிப்பார்) மேக்கி விருதை இரண்டு முறை வாங்கியவர். அவரை எடுத்தது லாஸ் வேகஸ் ரைடர்ஸ். அங்கே முந்தைய வருஷம்தான் இரண்டாவது ரவுண்டில் மைக்கேல் மேயர் என்ற டைட் எண்டை எடுத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் யார் என்பதிலோ குழப்பம், சீசன் நடுவிலும் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எதிரணியின் கணக்குப்படி இதைவிடப் பெரிய பாறை கிடையாது. 112 பந்து பிடித்தார் நடுவரே! நகுவாவின் 105 போயே போய்விட்டது. அந்தப் பாறைக்கு அண்ணன் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேட்கத்தான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.